வாயால் என்ன சொன்னார்?

அரூர் கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. எத்தனையோ வக்கீல்களுக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். சிலர் முகம்கூட நினைவில் இல்லை. அவர் ஒருவரை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். நல்ல மனிதர். அதுதான் என் தலைவலியே.

கடைக்குள் வரும்போது வணக்கம் சொல்லமாட்டார். போகும்போது வருகிறேன் என்றும் சொல்லமாட்டார். முதல் வருடம் திமிர் பிடித்த ஆள் என்றே நினைத்தேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, ஒரு வணக்கம் சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

"எனக்கு இப்ப உங்கள வணங்கணும்னு தோணலீங்களே. தோணாம எப்பிடிச் சொல்றது? தோணுற அன்னிக்குக் கண்டிப்பா சொல்றேன்."

கிண்டல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் சொன்னார். இரண்டு வருடம் கழித்து, சர்வர் வேலை செய்யாமல் ஊரே அல்லாடிய ஒரு நாளில், அவருடைய மனுவை எப்படியோ நேரத்துக்குள் அடித்து ஏற்றிக் கொடுத்தேன். போனவர் திரும்பி வந்து கையைக் கூப்பி, "வணக்கங்க" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சிவில் வக்கீல். நீதிபதியையும் ஐயா என்பார், கோர்ட்டைக் கூட்டுகிற பெரியவரையும் அதே குரலில் ஐயா என்பார். பெரியவர் கூச்சத்தில் நெளிவார். "என்னயப் போயி ஐயாங்கறீங்களே சாமி" என்பார். "நீங்க எனக்குச் சாமி இல்லீன்னா, நானும் உங்களுக்குச் சாமி இல்லீங்க" என்று இவர் பதில் சொல்ல, பெரியவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போய்விடுவார். சந்தையில் பேரம் பேசமாட்டார். கத்தரிக்காய்க்காரம்மா என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிட்டுப் போவார். அந்தம்மா இவரைக் கண்டதும் விலையை ஏற்றிச் சொல்ல ஆரம்பித்தது. நான் சொல்லிக் கொடுத்தும் கேட்கவில்லை. "அவங்க பொய் சொன்னா அது அவங்க பாடுங்க. நான் ஏன் அதுல கூட்டுச் சேரணும்?"

இந்தக் கோளாறெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதையும் நான்தான் டைப் அடித்தேன். ஏற்காட்டில் ஏதோ ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது மூட்டைக் கணக்கில் விற்ற புத்தகங்களை வாங்கி வந்திருந்தார். அதில் ஒன்று குவேக்கர்கள் என்கிற கூட்டத்தைப் பற்றியது. முந்நூற்றைம்பது வருடத்துக்கும் முன்னால் இங்கிலாந்தில் கிளம்பிய கிறிஸ்தவர்கள். கோர்ட்டில் சத்தியம் செய்யமாட்டோம் என்று சொல்லி ஜெயிலுக்குப் போனவர்கள். சத்தியம் செய்துவிட்டு உண்மை பேசுகிறேன் என்றால், மற்ற நேரத்தில் பொய் பேசுகிறேன் என்று அர்த்தமாகிவிடுமாம். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான். பெரிய மனிதர்கள் முன்னால் தொப்பியைக் கழற்றமாட்டார்கள், நம் ஊரில் தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்ட மறுப்பதைப்போல. சாமியார் கிடையாது, மந்திரம் கிடையாது. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே ஏதாவது தோன்றினால் யாராவது பேசுவார்கள்.

இவர் கிறிஸ்தவர் இல்லை. குடும்பம் இண்டூர்ப் பக்கம் விவசாயம். ஆனால் அந்தக் கூட்டத்தைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதியே தீருவேன் என்று ஐந்து வருடம் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முடியவே இல்லை. காரணம், அந்தத் தொப்பி. ராஜா முன்னால் தொப்பி கழற்றாமல் அடி வாங்கியவர்கள், பிறகு தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஜெபம் செய்யும்போது கழற்றலாமா கூடாதா என்று. அதுவும் வெறும் சடங்குதான், உள்ளே தோன்றாமல் கழற்றக் கூடாது என்றார் ஒருவர். கடவுள் முன்னால் கழற்றத்தான் வேண்டும் என்றார்கள் மற்றவர்கள். கூட்டமே பிளந்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று இவரால் முடிவுகட்ட முடியவில்லை. ஒரு மாதம் இந்தப் பக்கமாக அடிக்கச் சொல்வார், அடுத்த மாதம் எல்லாவற்றையும் அழித்து அந்தப் பக்கமாக அடிக்கச் சொல்வார்.

"சாமி கும்புடறப்ப தொப்பியக் கழட்டுனா என்னங்க கெட்டுப்போச்சு? தலையில காத்தாவது படும்" என்றேன் எரிச்சலில்.

"அப்பிடிச் சும்மா செய்யறதுதாங்க எல்லாத்தையும் கெடுக்குது" என்றார்.

அவர் ஆபீசில் ஒரு மர அலமாரி உண்டு. மூடிப்போன மருந்துக் கடையிலிருந்து வாங்கியது. நான்கு அறைகள், நான்கிலும் என் கையால் அச்சடித்து ஒட்டிய சீட்டுகள். வந்த கட்சிக்காரரை முழுக்கதையும் சொல்ல விடமாட்டார். ஒருவர் இன்னொருவருக்கு ஏன் கடமைப்படுகிறார், அதை முதலில் சொல் என்பார். வாக்குக் கொடுத்தாயா? 'சொன்னது' அறை. டிராக்டரை வேலியில் ஏற்றினாயா? 'கெடுத்தது' அறை. சேலம் பஸ்ஸில் அடுத்தவர் பையை மாற்றி எடுத்து வந்துவிட்டாயா? தப்பு உன்னுடையது இல்லை, ஆனாலும் திருப்பித் தர வேண்டும். அது 'தகாமல் வந்தது' அறை. மூன்றிலும் சேராதது நான்காவது அறை, 'இதர'. அதைப் பார்த்தாலே அவர் முகம் சுருங்கும். எங்கள் ஊர் வழக்கு பாதி அதில்தான் கிடக்கும், கதவு மூடாத அளவுக்கு. "அறை தப்புனா வழக்கே தப்புங்க" என்பது அவர் மந்திரம். வந்தவர்கள் பாதிப் பேர் அறை சொல்லத் தெரியாமல் வேறு வக்கீலிடம் போய்விடுவார்கள்.

ஞாயிறு காலையில் ஆபீஸ் கதவைத் திறந்து வைத்து அரைமணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அது தெரியாமல் ஒரு கட்சிக்காரர் போய் எதிரே உட்கார்ந்தார். வக்கீல் ஏதோ யோசிக்கிறார் என்று அவரும் பேசவில்லை. அரைமணி கழித்து அந்த ஆளே, "தப்பு எம்மேலதாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இவருக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் வேறு என்றைக்கும் பார்த்ததில்லை. அவருடைய குமாஸ்தாதான், "வந்த கேசும் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சடங்கு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. பாதைத் தகராறு ஒன்றில் எதிராளி, கோயிலில் கற்பூரம் அணைத்து இவர் கட்சிக்காரர் சத்தியம் செய்தால் பாதையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு கற்பூரத்தில் முடிய வேண்டிய வழக்கு. "சொல்றத இங்கியே சொல்லுங்க, கற்பூரம் எதுக்கு?" என்று இவர் தடுத்துவிட்டார். எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு வந்தபோதும் அப்படித்தான். நன்றாகச் சாப்பிட்டார். தாம்பூலப் பையை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வந்தேன், சாப்பிட்டேன், நல்லா இருந்துச்சுன்னு வாயால சொல்லிட்டேன். இது எதுக்குங்க?" வெற்றிலை பாக்கை மறுத்துவிட்டுப் போன ஆளை என் மாமியார் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கிணறு வற்றும்வரை.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அப்பா நிலம் இரண்டு ஏக்கர் எனக்கு வந்தது. அதில் அவர் வைத்த நாற்பது தென்னை. கிணறு மட்டும் பெரியப்பா மகனோடு பொது. அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மோட்டார் ரூம் கட்ட அண்ணனுக்கு என் பக்கத்தில் இடம் வேண்டியிருந்தது. கொடுக்கிறேன், ஆனால் ஒன்று என்றேன். கிணற்று மேட்டில், என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினேன்.

"அண்ணா, இந்தக் கெணத்துப் பக்கத்துல நீங்களும் போர் போடக் கூடாது, நானும் போடமாட்டேன். சம்மதம்னா எடுத்துக்குங்க."

அண்ணன் எடுத்துக்கொண்டார். ஒரு வெற்றிலையைக் கிள்ளி அங்கேயே வாயில் போட்டார். ஒன்றும் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் நிச்சயம் செய்வதே அப்படித்தான். தட்டை வாங்கிவிட்டால் முடிந்தது, அதற்கு மேல் என்ன பேச்சு?

நான்கு வருடம் கழித்து ஒரு மாசியில் போர் வண்டி வந்தது. கிணற்றிலிருந்து நாற்பது அடி தள்ளி, அண்ணன் நிலத்தில் ஓட்டை போட்டார்கள். சித்திரைக்குள் எங்கள் கிணற்றில் பாறை தெரிந்தது. கேட்டதற்கு, "என் நெலத்துல நான் போடறேன், உனக்கு என்ன?" என்றார் அண்ணன். தென்னை மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன.

வேறு யாரிடம் போவேன்? அந்த வக்கீலிடம்தான் போனேன். அலமாரியைப் பார்த்தபடி கேட்டார்.

"அவரு நெலத்துக்கு அடியில இருக்கற ஊத்துத் தண்ணிய அவரு எடுக்கறாரு. சட்டப்படி அது கெடுத்ததுல சேராதுங்க. உங்க பொருளும் அவருகிட்டப் போகல. ஆக, மூணாவதும் இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் வழி. போர் போடமாட்டேன்னு சொன்னாரா?"

"வெத்தல பாக்கு எடுத்துக்கிட்டாருங்க."

"அத விடுங்க. வாயால என்ன சொன்னாரு?"

"வாயால ஒண்ணும் சொல்லல. எடுத்துக்கிட்டாருங்க. வாயில போட்டு மென்னாருங்க."

"வெத்தல பேசாதுங்க. அது சடங்கு. சொன்னாரா, இல்லியா?"

"இல்லீங்க."

காகிதத்தை நான்காவது அறையில் செருகினார். என் நாற்பது தென்னையும் 'இதர'வுக்குப் போயின. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. ஐந்து வருடம் அந்த ஆளின் தொப்பிச் சண்டையை அழித்து அழித்து அடித்தவள் நான். எனக்காக ஒரு வெற்றிலையை இரண்டு நிமிடம் யோசிக்கக் கூடாதா?

இன்னொரு வக்கீலிடம் போனேன். சுறுசுறுப்பான ஆள். வெற்றிலைக் கதையைக் கேட்டுச் சிரித்தார். "அதெல்லாம் வீக்கும்மா. நாலு பேரு முன்னால வாயால சொன்னதாவே போட்டுடலாம், அப்பத்தான் ஸ்ட்ராங்கா நிக்கும்." அதை அடித்துக் கொடுத்தவளும் நான்தான். 'இக்கிணற்றின் அருகில் ஆழ்துளைக் கிணறு அமைக்கமாட்டேன் என்று பிரதிவாதி வாய்மொழியாக உறுதி கூறினார்.' அண்ணன் சொல்லாத வார்த்தையை என் பத்து விரலாலும் அடித்து, மூன்று நகல் எடுத்து, கையெழுத்துப் போட்டேன். அப்பா வைத்த மரம் சாகிறபோது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை.

கூண்டில் ஏறினேன். கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். எதிர் வக்கீல் எழுந்து சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"போர் போடமாட்டேன்னு உங்க அண்ணன் வாயால சொன்னாராம்மா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ. எங்கிருந்துதான் வந்தார்களோ, அந்தத் தொப்பிக்காரர்கள், ஜெயிலில் குளிரில் கிடந்தவர்கள், நான் அடித்து அழித்து மறுபடி அடித்தவர்கள், அத்தனை பேரும் வந்து என் தொண்டையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"சொல்லலீங்க. வெத்தல எடுத்துக்கிட்டாருங்க."

என் வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

வழக்கு தள்ளுபடி. தீர்ப்பு நகலை நானே என் கடையில் ஜெராக்ஸ் எடுத்தேன். அதில் ஒரு பத்தி இருந்தது. வாய்மொழியாக உறுதி கூறியதாக வழக்குரையில் சொன்ன வாதி, சாட்சியத்தில் அதை மறுக்கிறார். வெற்றிலை பாக்கை ஏற்றதன் மூலம் சம்மதம் தெரிவிப்பது இப்பகுதி வழக்கம் என்று வழக்குரையிலேயே சொல்லியிருந்தால் இந்த நீதிமன்றம் அதைப் பரிசீலித்திருக்கலாம், சொல்லாத ஒன்றைக் கருத்தில் கொள்ள இயலாது.

இரண்டு வக்கீலிடமும் நான் முதலில் சொன்னது அதைத்தான். ஒருவர் வெற்றிலை பேசாது என்றார். இன்னொருவர் வெற்றிலையைப் பேசவே வைத்துவிட்டார்.

நகலை எடுத்துக்கொண்டு நேராக அவர் ஆபீசுக்குப் போனேன். மேஜையில் போட்டேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"நான் அன்னிக்கே சொன்னனே. சொன்னனா இல்லியா?" என்றேன். "நீங்களே வாயால சொல்லுங்க."

"சொன்னீங்க" என்றார். எழுந்து போய் நான்காவது அறையிலிருந்து என் காகிதத்தை எடுத்தார். முதல் அறையில் வைக்கப் போனார், கை பாதியில் நின்றுவிட்டது. "உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். இது எந்த அறைன்னுதான் எனக்குத் தெரியல."

"அறையப் பூட்டிச் சாவிய ஏரியில போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நான் அப்படி யாரிடமும் பேசியதில்லை.

பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தார். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை, காம்பும் நுனியும் மாறி மாறி, கீரைக்கட்டைப் பிரித்துப் போட்டதுபோல. பாக்கு, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொட்டலத்தோடு அப்படியே. வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தாம்பூலத் தட்டைத் தொடாத கை என்று பார்த்ததுமே தெரிந்தது. என் முன்னால் நீட்டினார். ஒன்றும் பேசவில்லை.

"என்னங்க இது?"

பேசவில்லை. தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டால் உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை என்று ஆகிவிடும். கோபம் இருந்ததே! தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அந்த வாயிலிருந்து வரட்டும், எடுத்துக்கொள்கிறேன் என்று நின்றேன்.

"எதுவா இருந்தாலும் வாயால சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஞாயிற்றுக்கிழமை உட்காருவாரே, அதே மௌனம். பிறகு தட்டை மேஜையில், ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் தொடவில்லை. வெற்றிலை இரண்டு நாளில் சுருண்டது, மூன்றாம் நாள் குப்பையில் போட்டேன். அடுத்த மாதமே ஆபீசைக் காலி செய்துகொண்டு ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தொப்பிப் புத்தகம் என் கம்ப்யூட்டரில் பாதியில் நிற்கிறது.

போன வருடம் அவருடைய பழைய குமாஸ்தா கடைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். ஐந்து நகல் வேண்டும் என்றார். அவருடைய இறப்புச் சான்றிதழ். மிஷினில் வைத்துவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல், அந்தத் தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அவர் மகளிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

குமாஸ்தா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க ஏம்மா எடுக்காம உட்டுட்டீங்க? உங்க கேசுக்கு அப்பீல் எழுதி முடிச்சு, வழக்குரையில வெத்தலையச் சேக்கறதுக்குத் தனியா ஒரு மனுவும் எழுதி, பையில வெச்சுக்கிட்டுத்தான் தட்டோட வந்தாரு. அந்த அம்மா எடுத்தா என்னய வக்கீலா ஏத்துக்குதுன்னு அர்த்தம், எடுக்காட்டி நம்பிக்கை இல்லன்னு அர்த்தம், நான் வற்புறுத்தக் கூடாதுன்னாரு. நீங்க எடுக்கல. அப்பீலுக்கு இருந்த நாளும் போயிருச்சு."

"அத வாயால சொல்றதுக்கு என்னங்க?" என்று கத்திவிட்டேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானும் அதேதாம்மா கேட்டேன். 'இத்தன நாளா நான்தான் தப்பாக் கேட்டுக்கிட்டிருந்தேன், இனிமே அவங்க வழக்கப்படியே கேக்கறேன்'னாரு."

வாழ்நாள் முழுக்க வாயால் சொல், வாயால் சொல் என்று ஊர் உயிரை எடுத்த மனிதர், சொல்லியே ஆக வேண்டிய அன்றைக்குத் தட்டை நீட்டினார். தட்டை வாங்கினாலே வாக்கு என்று கோர்ட் வரைக்கும் போன நான், அன்றைக்குப் பார்த்து, வாயால் சொல்லுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரைத் திட்டுவது?

குமாஸ்தா தட்டை வாங்கிக்கொள்ளவில்லை. மகளுக்கு இது என்னவென்றே புரியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஐந்து நகலையும் எண்ணிக் கொடுத்தேன். நாற்பது தென்னையில் பதினொன்று நிற்கிறது.